டோக்கியோவா, கியோட்டோவா, இரண்டுமா? ஆறு நாள் ஜப்பான் பயணத்துக்கு எது சரி

ஜப்பான் போகிறோம் என்று திட்டத்தை அனுப்பிக் கருத்துக் கேட்பவர்களின் தாளில் பெரும்பாலும் ஒரே வரிசைதான் இருக்கிறது: டோக்கியோ, ஹகோனே, கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா. கீழே ஒரு கேள்வி: "இதில் எதை விடலாம்?" ஊர்களில் எதையும் விட மனம் வராது, அதுதான் சிக்கல். எனவே நான் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வேன். எத்தனை ஊர் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எத்தனை முறை பெட்டி கட்ட வேண்டியிருக்கும் என்று எண்ணுங்கள். முடிவு பாதி தானாக வந்துவிடும்.

இங்கே எடுத்துக்கொள்வது பலருக்கும் வாய்க்கும் அளவு: இரண்டு வார இறுதிகளையும் சேர்த்து ஒன்பது நாள். சென்னையிலிருந்து போனால் பெரும்பாலும் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் என்று எங்காவது விமானம் மாறித்தான் போக வேண்டும். ஜப்பான் நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போக ஒரு நாள், வர ஒரு நாள், இறங்கிய அன்று சோர்வு. கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது ஆறு முழு நாள்.

இந்த ஆறு நாளுக்கு மூன்று வழிகள் உண்டு. டோக்கியோவில் மட்டும் தங்குவது, கியோட்டோ, ஒசாகா இருக்கும் கான்சாய் வட்டாரத்தில் மட்டும் தங்குவது, இரண்டையும் இணைப்பது.

## எதை வைத்து எடை போடுவது

அறை மாற்றம். ஜப்பானிய விடுதிகளில் காலை 10 அல்லது 11 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். புது அறை மாலை 3 மணிக்குத்தான் கிடைக்கும். ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் இடைப்பட்ட நான்கைந்து மணி நேரம் நீங்கள் பெட்டியோடு தெருவில். ஆறு நாளில் இரண்டு முறை இப்படி நடந்தால் ஒரு முழு நாள் போயிற்று. பயணத் திட்டங்களில் யாரும் எழுதாத செலவு இதுதான்.

நடை. ஒரு நாளைக்கு 15,000 அடிகள் நடப்பது அங்கே சாதாரணம். ரயில் நிலையப் படிகள், கோயில் படிகள், சரளைக்கல் பாதைகள் எல்லாம் உண்டு. அறுபதைத் தாண்டிய பெற்றோர் உடன் வருகிறார்கள் என்றால் மற்ற எல்லாவற்றையும் விட இது முக்கியம்.

சாப்பாடு. அசைவம் சாப்பிடுபவர்களுக்கு எந்த ஊரும் விருந்து. சைவம் என்றால் ஊருக்கு ஊர் நிலைமை மாறும்.

ஊருக்கு ஊர் ரயில் செலவு. புல்லட் ரயில் என்று நாம் சொல்லும் ஷின்கான்சென் மலிவானதில்லை. கீழே யென்னில் சொல்லும் விலைகளை, 100 யென்னுக்கு ஏறத்தாழ 60 ரூபாய் என்று மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களோடு யார் வருகிறார்கள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஒரே திட்டம் நண்பர் கூட்டத்துக்குச் சொர்க்கமாகவும், நான்கு வயதுக் குழந்தை உள்ள குடும்பத்துக்குத் தண்டனையாகவும் இருக்கும்.

## வழி ஒன்று: டோக்கியோ மட்டும்

ஒரே அறை, ஆறு இரவுகள். பெட்டியை ஒரு முறை பிரித்தால் போதும். மழை பெய்தால் அருங்காட்சியகத்துக்கோ கடைவீதிக்கோ திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். குழந்தைகள் இருந்தால் டிஸ்னி பக்கத்தில், சிபா மாநிலத்தின் உராயாசுவில் இருக்கிறது. அனிமே, மின்னணுப் பொருட்கள் என்றால் அகிஹபாரா. ஷிபுயா சந்திப்பு, மெய்ஜி ஆலயத்தின் காடு, 634 மீட்டர் உயர ஸ்கைட்ரீ எல்லாம் நகர ரயிலில் போய் வரக்கூடிய தூரம்.

குறை ஒன்று உண்டு. பழைய ஜப்பானைத் தேடிப் போகிறவர்கள் டோக்கியோவில் கொஞ்சம் ஏமாறுவார்கள். 1923 நிலநடுக்கமும் 1945 குண்டுவீச்சும் பழைய நகரத்தைப் பெருமளவு அழித்துவிட்டன. அசகுசாவில் எல்லோரும் படம் எடுக்கும் சென்சோஜி கோயிலின் மூலக் கூடமே 1958இல் திரும்பக் கட்டியது. ஆனால் இதற்கு மருந்து பக்கத்திலேயே இருக்கிறது. டோக்கியோ நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் காமகுரா போய்விடலாம். அங்கே பெரிய புத்தர் கூரையில்லாமல் வானத்தின் கீழ் உட்கார்ந்திருக்கிறார். அசகுசாவிலிருந்து தோபு ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் நிக்கோ, 17ஆம் நூற்றாண்டின் தோஷோகு ஆலயம். ஷின்ஜுகுவிலிருந்து ஒடாக்யு ரயிலில் ஹகோனே. மூன்றும் காலையில் போய் இரவு திரும்பும் ஊர்கள்.

ஃபுஜி மலைக்காகவே டோக்கியோவைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மலை தெரிவது வானத்தின் கையில். குளிர்காலக் காலை வேளைகளில் வாய்ப்பு அதிகம், கோடையில் மேகம் மூடிவிடும். ஹகோனேவுக்கோ கவகுச்சி ஏரிக்கோ போகும் நாளை முன்கூட்டியே கட்டிவைக்காதீர்கள். முந்தைய இரவு வானிலை பார்த்து முடிவு செய்ய ஒரே அறையில் தங்கியிருப்பவர்களால்தான் முடியும்.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். நரிட்டா விமான நிலையம் நகர மையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்; விரைவு ரயிலுக்குத் தலைக்கு 2,500 முதல் 3,000 யென் வரை ஆகும். ஹனேடா நகருக்குள்ளேயே இருக்கிறது. விமானச் சீட்டில் சிறிய வித்தியாசம்தான் என்றால் ஹனேடாவை எடுப்பது லாபம். அடுத்தது அறை. சாதாரண விடுதி அறை 15 சதுர மீட்டர் அளவுதான். இரண்டு பெரிய பெட்டிகளைத் திறந்து வைத்தால் நடக்க இடம் இருக்காது. அதோடு பல விடுதிகள் அறைக்கு என்றில்லாமல் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிடுகின்றன. மூன்று பேர், நான்கு பேர் தங்கும் அறைகள் குறைவு. நான்கு பேர் குடும்பம் இரண்டு அறை எடுக்க நேரிடும் என்று கணக்குப் போட்டு வையுங்கள்.

சுரங்க ரயிலில் 24, 48, 72 மணி நேரச் சீட்டுகள் உண்டு. அவை டோக்கியோ மெட்ரோ, தோயே என்ற இரண்டு நிறுவனங்களின் தடங்களுக்கும் செல்லும், ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ஓட்டும் யமனோட்டே வட்ட ரயிலுக்குச் செல்லாது. முதல் நாளே பலர் தடுமாறும் இடம் இது. தங்குவதற்கு உவேனோ, அசகுசா பக்கம் எனக்குப் பிடிக்கும். நரிட்டாவிலிருந்து உவேனோவுக்கு நேர் ரயில், அசகுசாவிலிருந்து நிக்கோவுக்கு நேர் ரயில், வாடகையும் ஷின்ஜுகுவை விடப் பெரும்பாலும் குறைவு. உலகிலேயே மிக நெரிசலான நிலையம் ஷின்ஜுகு. தள்ளுவண்டிக் குழந்தையோடும் மூட்டுவலி உள்ள பெரியவர்களோடும் அதன் வாசல்களில் தினமும் வழி தேடுவது வீண் சோர்வு.

## வழி இரண்டு: கான்சாய் மட்டும்

இரண்டாவது பயணத்துக்கு என்று பலர் ஒதுக்கி வைக்கும் வழி இது. பெற்றோரோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான். காரணம் எளிது: இங்கே ஊர்கள் ஒன்றுக்கொன்று அண்டை வீடுகள். ஒசாகாவிலிருந்து கியோட்டோவுக்கு ஜேஆர் விரைவு ரயிலில் அரை மணி, சுமார் 580 யென். ஹான்க்யு ரயில் முக்கால் மணி எடுக்கும், ஆனால் கட்டணம் இன்னும் குறைவு, இறங்கும் இடமும் கியோட்டோவின் கடைவீதிக்கு நடுவில். ஒசாகா நம்பாவிலிருந்து நாராவுக்கு கின்டெட்சு ரயிலில் சுமார் 40 நிமிடம். ஹிமேஜிக்கு ஒரு மணி. கோபே அதைவிடப் பக்கம். ஷின்கான்சென்னில் ஏறாமலே ஆறு நாளும் நிறையும்.

பார்ப்பதற்கோ குறைவே இல்லை. கியோட்டோ 794 முதல் ஆயிரம் ஆண்டுக்கு மேல் தலைநகராக இருந்த ஊர். அணுகுண்டு வீசும் இலக்குப் பட்டியலில் இருந்து பின்பு நீக்கப்பட்டதால் போரில் பெருமளவு தப்பியது. அங்கும் அருகிலுமாக 17 இடங்கள் 1994இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. ஹிமேஜிக் கோட்டையின் மைய மாளிகை 1609இல் கட்டி முடித்ததுதான் இன்றும் நிற்கிறது. ஒசாகாக் கோட்டை உள்ளே மின்தூக்கி வைத்த கான்கிரீட் கட்டடம். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் யோசிக்காமல் ஹிமேஜிக்குப் போங்கள்.

நாராவில் கொஞ்சம் நின்று பாருங்கள். தோதாய்ஜி கோயிலின் வெண்கலப் புத்தர் சுமார் 15 மீட்டர் உயரம். 752இல் அந்தச் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கைச் செய்தவர் இந்தியாவிலிருந்து கடல் கடந்து போன போதிசேனர் என்ற துறவி. வெளியே மான்கள் பிஸ்கட்டுக்காகப் பையைப் பிடித்து இழுக்கும். பிள்ளைகள் அதை மட்டும்தான் நினைவில் வைத்திருப்பார்கள், அதுவும் சரிதான்.

### கியோட்டோவில் தங்குவதா, ஒசாகாவில் தங்குவதா

இந்த வழியின் உண்மையான முடிவு இங்கேதான்.

கியோட்டோவில் தங்குவதற்கு ஒரு காரணம் போதும்: விடியற்காலை. ஃபுஷிமி இனாரி ஆலயத்தின் சிவப்புத் தோரண வாயில்கள் இரவும் பகலும் திறந்திருக்கும், கட்டணமும் இல்லை. காலை ஆறு மணிக்குப் போனால் பறவைச் சத்தத்தோடு நடக்கலாம். பத்து மணிக்குப் போனால் முன்னால் போகிறவரின் முதுகுப்பைதான் தெரியும். கியோமிசுதேரா கோயிலும் காலை ஆறு மணிக்கே திறக்கிறது. ஒசாகாவிலிருந்து இந்த நேரத்துக்கு வந்து சேர்வது கடினம். கியோட்டோவைக் கூட்டமில்லாமல் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் அங்கேயே படுத்து எழுந்தால்தான் முடியும்.

அதற்கான விலையையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரச் செர்ரிப் பூக்காலத்திலும், நவம்பர் பின்பாதி இலையுதிர் நிறக்காலத்திலும் கியோட்டோ அறை வாடகை எகிறும். அறை வாடகையோடு நகரத்தின் தங்கும் வரியும் தனியாக உண்டு, உயர்ந்த வாடகை அறைகளுக்கு அது கணிசமானது. நகரப் பேருந்துகளில் நெரிசல் அதிகம். பேருந்துக்கு மட்டுமான ஒரு நாள் சீட்டையும் நிறுத்திவிட்டார்கள். முடிந்த இடமெல்லாம் ரயிலில் போங்கள். இனாரிக்கு ஜேஆர் நாரா தடம், அரஷியாமா மூங்கில் தோப்புக்கு ஜேஆர் சகானோ தடம், பழைய தெருக்கள் உள்ள கியோனுக்குக் கெய்ஹான் ரயில். பொற்கோயிலான கின்காகுஜிக்கு மட்டும் பக்கத்தில் ரயில் இல்லை. மூன்று நான்கு பேராக இருந்தால் டாக்சி பெரிய செலவாகத் தெரியாது.

ஒசாகாவில் தங்க வேண்டியவர்கள் வேறு வகை. இரவு ஒன்பது மணிக்கு மேலும் தெருவில் நடக்க, சாப்பிட விரும்புகிறவர்கள். யூனிவர்சல் ஸ்டூடியோவுக்கு ஒரு நாள் ஒதுக்கும் குடும்பங்கள். நாரா, ஹிமேஜி, கோபே என்று தினம் ஒரு திசை போக நினைப்பவர்கள். கியோட்டோ மாலையிலேயே அடங்கத் தொடங்கிவிடும், ஒசாகா அப்போதுதான் விழிக்கும். அறைகளும் பெரும்பாலும் மலிவு. தங்க உமேதா அல்லது நம்பா பகுதி வசதி.

நாங்கள் ஒரு முறை மூன்று இரவு ஒசாகா, மூன்று இரவு கியோட்டோ என்று பிரித்துத் தங்கினோம். அரை மணி தூரத்துக்காக ஒரு நாளைப் பெட்டிக்குக் கொடுத்தது தவறு என்று அன்று மதியம் நிலையத்தில் காலியான லாக்கர் தேடி அலைந்தபோதே தெரிந்துவிட்டது. ஏதாவது ஒன்றில் ஆறு இரவும் இருங்கள்.

பெற்றோருக்கு இன்னொன்று. பாரம்பரிய ரியோகான் விடுதி என்றால் தரையில் மெத்தை, தரையில் உட்கார்ந்து சாப்பாடு. முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்குக் கட்டில் உள்ள அறையா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கோயில்களை ஒரு நாளைக்கு இரண்டோடு நிறுத்துங்கள். மூன்றாவதில் யாரும் எதையும் பார்ப்பதில்லை, உட்கார இடம்தான் பார்ப்பார்கள்.

### ஹிரோஷிமா ஆசை

கான்சாய் வழிக்குள் ஹிரோஷிமாவைச் சேர்க்கலாம், டோக்கியோ வழியில் சேர்க்க வேண்டாம். ஷின்-ஒசாகாவிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ஷின்கான்சென் கொண்டுபோய்விடும். போய்வரத் தனிச்சீட்டு எடுத்தால் 20,000 யென்னைத் தாண்டும். ஜேஆர் மேற்கு விற்கும் ஐந்து நாள் கான்சாய்–ஹிரோஷிமா பாஸ் 2023 அக்டோபரில் 17,000 யென் ஆனது. ஒரே ஒரு முறை போய்வந்தாலே பாஸ் லாபம். மீதி நாட்களில் ஹிமேஜி, நாரா ரயில்களுக்கும், மியாஜிமா தீவுக்கான ஜேஆர் படகுக்கும் அதுவே செல்லும். அமைதி நினைவு அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களுக்குச் சிறிது நேரம் பேசத் தோன்றாது. அன்று வேறு பெரிய திட்டம் வைக்காதீர்கள்.

## வழி மூன்று: இரண்டும்

எல்லோரும் போகும் வழி. 1964 அக்டோபர் 1 முதல் ஓடும் தோக்கைதோ ஷின்கான்சென்னில் நொசோமி வண்டி டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு இரண்டே கால் மணியில் போகிறது. அந்தப் பயணமே ஓர் அனுபவம். மேற்கே போகும்போது வலப்பக்க ஜன்னலோரம், E எழுத்துள்ள இருக்கையில் உட்கார்ந்தால் முக்கால் மணி நேரத்தில் ஃபுஜி தெரியலாம்.

இது சரியாக அமைய ஒரே நிபந்தனை: ஓர் ஊரில் இறங்கி, மற்ற ஊரிலிருந்து கிளம்ப வேண்டும். டோக்கியோவில் இறங்கி கான்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்புங்கள், அல்லது மாற்றி. போக்கும் வரத்தும் டோக்கியோ என்று சீட்டு எடுத்துவிட்டு இந்த வழியில் போனால், ஷின்கான்சென்னுக்கே இரண்டு முறை சுமார் 14,000 யென், அதோடு திரும்பி வர அரை நாள். விமானச் சீட்டில் மிச்சம் பிடித்த பணம் இதில் கரைந்துவிடும்.

நாடு முழுவதும் ஜேஆர் ரயில்களுக்குச் செல்லும் ஜேஆர் பாஸ் பற்றிப் பழைய கட்டுரைகளை நம்பாதீர்கள். ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்த காலத்தில் அது கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் பொருள். 2023 அக்டோபரில் 50,000 யென் ஆக்கினார்கள். டோக்கியோ–கியோட்டோ போய்வந்தாலும் 28,000 யென் அளவுதான். ஹிரோஷிமா வரை போய்வந்தாலும் 40,000 யென்னை ஒட்டித்தான் நிற்கும். இந்த ஆறு நாள் திட்டங்கள் எதற்கும் அது தேவையில்லை.

பெட்டி விஷயத்தில் ஒரு விதி. நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், இந்தத் தடத்தில் பெட்டி வைக்கும் இடத்தோடு சேர்ந்த இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். நாம் கொண்டுபோகும் பெரிய பெட்டிகள் பெரும்பாலும் தாண்டும். அதைவிட நல்ல வழி தக்யூபின்: விடுதி வரவேற்பில் பெட்டியைக் கொடுத்தால் பெரும்பாலும் அடுத்த நாள் மற்ற ஊர் விடுதிக்குப் போய்ச் சேரும், பெட்டிக்குச் சில ஆயிரம் யென். ஓர் இரவுக்கு வேண்டியதை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு கைவீசி ரயில் ஏறலாம். பெட்டி இழுத்து வீணாகும் அரை நாள் அதனால் மிச்சமாகும்.

ஆறு நாளில் இந்த வழி தருவது டோக்கியோவில் மூன்று நாள், கியோட்டோவில் இரண்டு நாள், நடுவில் ஒரு பாதி நாள். நாரா, ஒசாகா, காமகுரா மூன்றில் ஒன்றைத்தான் சேர்க்க முடியும். எட்டு முழு நாள் இருந்தால் இதை நான் முதலிடத்தில் வைப்பேன்.

## ஒரே பார்வையில்

| | டோக்கியோ மட்டும் | கான்சாய் மட்டும் | இரண்டும் |
|---|---|---|---|
| அறை மாற்றம் | இல்லை | இல்லை | ஒன்று |
| ஊருக்கு ஊர் ரயில் | குறைவு | குறைவு; ஹிரோஷிமா சேர்ந்தால் 17,000 யென் பாஸ் | ஒரு வழிக்குச் சுமார் 14,000 யென் |
| பழைய ஜப்பான் | காமகுரா, நிக்கோ போனால் | நிறைய | ஓரளவு |
| பெற்றோரோடு | பரவாயில்லை | நல்லது | கடினம் |
| சிறு குழந்தைகளோடு | நல்லது | ஒசாகாவில் தங்கினால் நல்லது | கடினம் |
| நண்பர்களோடு, இளையவர்கள் | நல்லது | நல்லது | மிக நல்லது |
| சைவம் | எளிது | கியோட்டோவில் ஓரளவு எளிது | நடுத்தரம் |
| மழை நாள் | சமாளிக்கலாம் | கியோட்டோவில் கஷ்டம் | நடுத்தரம் |

## சைவர்கள் கவனிக்க

இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று சொன்னால் போதாது. ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறான தாஷி பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் எடுப்பது. உடோன் குழம்பு, மிசோ சூப், காய்கறிக் கூட்டு எல்லாவற்றிலும் அது இருக்கும், சமைப்பவர் அதை மீனாகக் கணக்கில் வைக்கவும் மாட்டார். தாஷி என்ற சொல்லைச் சொல்லியே கேளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் டோக்கியோ முன்னால் நிற்கிறது: டோக்கியோ நிலையத்துக்குள்ளேயே டீஸ் டான்டான் கடையில் முழுச் சைவ ராமென் உண்டு; இந்தியக் குடும்பங்கள் பல வாழும் நிஷி-கசாய் பகுதியில் நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும். கியோட்டோவில் கோயில்களின் ஷோஜின் ரியோரி முழுச் சைவம், அருமையானது, ஆனால் தினமும் சாப்பிடக்கூடிய விலையில் இல்லை. தகோயாகி (ஆக்டோபஸ் உருண்டை), ஒகோனோமியாகி (முட்டைக்கோஸ் அடை) என்று பெயர் பெற்ற ஒசாகாவில் சைவர்கள் தெரு உணவை மறந்துவிட்டு இந்திய உணவகங்களைத் தேட வேண்டியிருக்கும்.

## தேதி

பள்ளி விடுமுறையில் போகிறவர்களுக்கு ஒரு பொறி உண்டு. நம் கோடை விடுமுறை தொடங்கும் ஏப்ரல் கடைசியில்தான் ஜப்பானியர்களின் கோல்டன் வீக் விடுமுறையும் வருகிறது. ஏப்ரல் 29 முதல் மே 5, 6 வரை நாடே பயணம் போகும். அதற்குப் பிறகு, ஜூன் மழை தொடங்கும் வரையிலான மூன்று வாரம் அருமையான காலம். வெயில் இதமாக இருக்கும், அறை வாடகையும் இறங்கியிருக்கும். மே 8க்குப் பிறகு போக முடிந்தால் மேலே சொன்ன மூன்று வழிகளில் எதுவும் ஒரு படி எளிதாகும். மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஷின்கான்சென் இருக்கையை, பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு, அதாவது நமக்குக் காலை ஆறரைக்கு, விற்பனை திறந்ததும் எடுத்துவிடலாம். பெரிய பெட்டிக்கான இருக்கைகள் ஒரு ரயில் பெட்டிக்குச் சிலவே இருப்பதால் அவைதான் முதலில் தீரும்.